தக்கைப்பூண்டைப் பிழிந்து பார்த்த மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரையில் எங்கள் பக்கம் அடுத்தடுத்து இரண்டு கோடை மழை கிடைத்தது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் செம்மண் நிலம், ஒரு கிணறு, ஆடி வரை தாக்குப்பிடிக்கிற தண்ணீர். ஈரத்தை விடக் கூடாது என்று ஒன்றரை ஏக்கரில் தக்கைப்பூண்டும் அரை ஏக்கரில் சணப்பும் விதைத்தேன். இரண்டும் மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்குகிற பசுந்தாள் பயிர்கள். மீதி அரை ஏக்கரில் வெண்டை ஏற்கெனவே நின்றது. 45 நாளில் தக்கைப்பூண்டு இடுப்புக்கு மேல் வளர்ந்து, காற்றடித்தால் அலை அலையாகப் புரண்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் வெண்டையோ வெளிறி, அடியிலைகள் மஞ்சளடித்து நின்றது.

அந்த வரப்பில் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மட்கி அடுத்த பயிருக்குச் சேரும். இப்போது பசியோடு நிற்கிற வெண்டைக்கு அதனால் பயனில்லை. ஒரு வரப்பு தாண்டினால் தழைச்சத்து (நைட்ரஜன்) மலைபோல் நிற்கிறது; அதைப் பிழிந்து சாறாக்கி இன்றைக்கே வெண்டையின் வேரில் ஊற்றினால் என்ன?

அப்பாவிடம் சொன்னேன். “சாற்றை நீ எடுத்துக்கொண்டால் மண் எதைத் தின்னும்?” என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் எனக்கு விளங்க ஓராண்டு ஆனது.

பிழிவது எளிது என்று நினைத்திருந்தேன். கடைவீதியில் கரும்புச்சாறு விற்பவர் ஒருவரிடம் கையால் சுற்றும் பழைய இயந்திரம் சும்மா கிடந்தது. வாடகைக்கு எடுத்துவந்து முதலில் சணப்பைக் கொடுத்தேன். பத்துத் தண்டுகள் உள்ளே போவதற்குள் உருளைகள் நின்றுவிட்டன. சணப்பு நார்ப்பயிர் என்பதை அந்த நேரத்தில் மறந்திருந்தேன். கயிறு திரிக்கிற நார் அது. உருளையில் இறுகச் சுற்றிக்கொண்ட நாரைக் கத்தியால் அறுத்தெடுக்க ஒரு முற்பகல் போயிற்று. கிடைத்த சாறு ஒரு செம்புகூட இல்லை.

பிறகு வேறு முறைக்கு மாறினேன். தழையைத் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் விரல்கடை நீளத்துக்கு நறுக்கி, கல்லுரலில் போட்டு உலக்கையால் இடித்து, பழைய வேட்டியில் கட்டி இரண்டு பேர் முறுக்கிப் பிழிந்தோம். பத்துக் கிலோ பச்சைத்தழைக்கு மூன்று லிட்டர் வரை சாறு வந்தது. மறு ஆண்டு வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் ஒன்று செய்து, அடியில் துளையிட்ட எவர்சில்வர் ட்ரம்மை அதில் வைத்து, மேலிருந்து லாரி ஜாக்கியால் அழுத்தினேன். அதே பத்துக் கிலோவுக்கு நான்கரை, சில நாள் ஐந்து லிட்டர். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இடிக்காமல் அழுத்தினால் பாதிகூட வராது. இலையின் உயிரணுக்கள் உடைந்தால்தான் சாறு விடும். அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

அறுக்கிற பருவம் எல்லாவற்றையும்விட முக்கியம். பூ எடுக்கும் முன், 40 முதல் 45 நாளுக்குள் அறுத்துவிட வேண்டும். 60 நாள் பயிரில் தண்டு கட்டையாகி, சாறும் குறைந்து, உள்ள சத்து பூவுக்கும் காய்க்கும் போகத் தொடங்கியிருக்கும். காலையில் வெயில் ஏறும் முன் அறுத்தால் தழையில் நீர் நிறைந்திருக்கும். தக்கைப்பூண்டின் தண்டில் சிறு முட்கள் உண்டு. வெறுங்கையால் ஒருநாள் முழுக்க வேலை செய்தபின் இரண்டு நாள் உள்ளங்கை எரிந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாண்டு நான் செய்த பெரிய தவறு பிழிவதில் நடக்கவில்லை, அறுப்பதில் நடந்தது. சாறு நிறைய வேண்டும் என்ற ஆசையில் கால் ஏக்கர் தக்கைப்பூண்டை வேரோடு பிடுங்கினேன். வேர்களில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நிறுத்தும் பாக்டீரியா உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வேரையும் இடித்துப் பிழிந்தேன். சக்கையைத் தொழுவத்துக்குப் பின்னால் கொட்டினேன். அந்த ஆடிப் பட்டத்தில் நிலம் முழுவதும் கத்தரி நட்டோம். மடக்கி உழுத ஒன்றேகால் ஏக்கரில் செடி கருகருவென்று வந்தது. வேரோடு பிடுங்கிய கால் ஏக்கர், நடுவில் சலவை செய்த துணித்துண்டு போல வெளுத்துத் தெரிந்தது. யாருக்கும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பேசாமல் நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

அதன்பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது இது. இந்த முயற்சியில் இறங்குகிற எல்லோரும் முதலில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஓர் ஏக்கரில் சுமார் 10 டன் பச்சைத்தழை தரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிஞ்சுகிற உலர் எடை 2 டன். உலர்ந்த தக்கைப்பூண்டில் தழைச்சத்து ஏறத்தாழ 3.5 விழுக்காடு என்பது வேளாண் நூல்கள் தரும் அளவு. ஆக ஏக்கருக்கு 70 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டைக் கணக்கில் பார்த்தால் மூன்று மூட்டைக்கும் மேல். அத்தனையும் அடுத்த பயிருக்கே கிடைத்துவிடாது என்றாலும் இது பெரிய வரவு.

இப்போது சாற்றுக்கு வாருங்கள். பத்துக் கிலோ பச்சைத்தழையில் உலர் எடை 2 கிலோ, தழைச்சத்து 70 கிராம். அதில் பாதி சாற்றில் இறங்கியது என்று தாராளமாக வைத்தாலும் 35 கிராம். ஒரு கைப்பிடி யூரியாவில் இருப்பது அவ்வளவுதான். வெண்டைக்கு விதைத்த 30ஆம் நாள் மேலுரமாக ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து இடச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. என் அரை ஏக்கருக்கு அது 4 கிலோ. அதைச் சாறாகவே கொடுக்க வேண்டுமானால் ஒரு டன்னுக்கு மேல் தழையை அறுத்து, நறுக்கி, இடித்து, அழுத்த வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகளால் ஆகிற வேலை இல்லை அது. இயந்திரம் வைத்துச் செய்தால் டீசல் செலவில் யூரியா மூட்டையே வாங்கிவிடலாம்.

ஆகவே சாறு யூரியாவுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சோறு அல்ல, வடிகஞ்சி. காய்ச்சலில் கிடப்பவருக்கும் பச்சைப்பிள்ளைக்கும் வடிகஞ்சி கொடுப்பதில் அருமையான பயன் இருக்கிறது. வேலைக்குப் போகிறவரை அதை வைத்தே அனுப்ப முடியாது.

அப்படியானால் முதலாண்டு என் வெண்டைக்கு என்ன ஆயிற்று? அதுவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயன் இருந்தது. ஆறு வரிசை வெண்டைக்கு, பிழிந்த அன்றே சாற்றில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, செடிக்கு அரை லிட்டர் வீதம் ஈரமண்ணில் ஊற்றினேன். பக்கத்து ஆறு வரிசைக்கு அதே அளவு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் ஊற்றிய வரிசை இல்லாமல் இப்படிப்பட்ட சோதனை எதையும் செய்யாதீர்கள். கோடையில் வாடிய செடி தண்ணீருக்கே தலைநிமிரும்; அந்தப் பெருமை சாற்றுக்குப் போய்விடும். பத்தாவது நாளில் சாறு ஊற்றிய வரிசைகளில் புதிய இலைகள் நன்றாகப் பச்சை பிடித்திருந்தன. வாரம் ஒருமுறையாக மூன்று முறை ஊற்றினேன். பறிப்பிலும் அந்த வரிசைகள் முந்தின. மறு ஆண்டு இதையே, தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலில் போட்ட வெண்டையில் செய்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. வயிறு நிறைந்த நிலத்தில் சாறு ஊற்றுவது வீண் உழைப்பு என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

உள்ளே நடப்பதையும் புரிந்துகொண்டால் எங்கே ஊற்றுவது, எங்கே வேண்டாம் என்பது தானாகத் தெரியும். இலையில் உள்ள சாம்பல்சத்து (பொட்டாசியம்) நாரோடு கட்டுப்படாமல் உயிரணுவின் நீரிலேயே கரைந்திருக்கிறது. அதனால் பிழிந்ததும் பெரும்பகுதி சாற்றில் வந்துவிடும், செடியும் உடனே எடுத்துக்கொள்ளும். தழைச்சத்து அப்படியல்ல. பெரும்பாலும் புரதமாக இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே வேருக்குப் பயன்படும். ஈரமும் சூடும் உள்ள மண்ணில் இதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும். ஈரமில்லாத மண்ணில் ஊற்றினால் மேலே பச்சைப் படலமாகக் காய்ந்து, ஈ மொய்த்து, நாற்றமடித்துப் போகும். ஆகவே முதலில் தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் ஈரத்தில் சாறு. ஊற்றியதும் காலால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே கொஞ்சம் சருகு.

சாறு நாளைக்கு நிற்காது. பயறு வகைத் தழையின் சாறு கோடையில் காலையில் பிழிந்தால் மாலைக்குள் நுரைத்து, மறுநாள் அழுகிய மீன் வாடை வீசும். புரதம் மிகுதியாக இருப்பதால் வருவது அது. கெட்டுப்போகாமல் வைக்க வேண்டுமானால் புளிக்க வைக்க வேண்டும். இட்லி மாவு போலத்தான்: நல்ல புளிப்பு ஏறினால் அழுகல் அண்டாது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பயறு வகைச் சாறு எளிதில் புளிப்பேறாது. உருவாகிற அமிலத்தைச் சாற்றிலுள்ள சத்துகளே மட்டுப்படுத்திவிடும். சர்க்கரையும் அதில் குறைவு. ஆகவே நாம் சர்க்கரை சேர்க்க வேண்டும். நான் பத்து லிட்டர் சாற்றுக்கு அரைக் கிலோ மண்டவெல்லமும் கால் லிட்டர் புளித்த மோரும் கலக்கிறேன். மூன்றாம் நாள் முகர்ந்தால் பழைய சோற்றுத் தண்ணீர் போல இதமான புளிப்பு வாடை வரவேண்டும். ரசாயனக் கடையில் கிடைக்கும் அமிலம் பார்க்கும் தாளை நனைத்தால் அமில அளவு (pH) 4 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அழுகல் வாடை வந்துவிட்டால் வெல்லம் கூட்டிக் காப்பாற்ற முயல வேண்டாம். எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடிவிடுங்கள். அங்கே அது வீணாகாது.

மூன்றாம் ஆண்டு இதற்கு நல்ல வழி ஒன்று அமைந்தது. தக்கைப்பூண்டோடு நாட்டுச்சோளமும் கம்பும் கலந்து விதைத்தேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிவந்த பலதானிய விதைப்பைப் போன்றதுதான் இதுவும், இன்னும் எளிமையான வடிவில். சோளத்தண்டின் சாற்றில் இயல்பாகவே இனிப்பு உண்டு. மூன்று பங்கு தக்கைப்பூண்டுக்கு ஒரு பங்கு இளஞ்சோளம் சேர்த்துப் பிழிந்தபோது வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தும் சாறு அழகாகப் புளித்தது. வெல்லம் விற்கிற விலையில் இது சிறிய செய்தி அல்ல.

கொரியாவின் இயற்கை வேளாண் முன்னோடி சோ ஹான் கியூ பரவச் செய்த முறையையும் செய்து பார்த்தேன். அதில் பிழிவதே இல்லை. விடியற்காலையில் கிள்ளிய கொழுந்துகளை அவற்றின் எடையில் பாதி நாட்டுச்சர்க்கரையோடு பிசறி, மண்பானையில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி ஒரு வாரம் வைத்தால், சர்க்கரை தழையிலிருந்து சாற்றை இழுத்து அடியில் தேன் போன்ற கரைசலாக நிற்கும். லிட்டருக்கு 2 மில்லி கலந்து தெளிக்கலாம். வேலை மிகக் குறைவு. கெடாமலும் இருக்கிறது. ஆனால் 2 மில்லியில் எத்தனை தழைச்சத்து இருந்துவிடும்? அது உரமே அல்ல. ஊக்கி என்று வேண்டுமானால் சொல்லலாம். நாற்றங்காலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

புளிக்கும் சாற்றை இறுக மூடக் கூடாது. இதை எழுத்தில் படித்திருந்தும் அவசரத்தில் 20 லிட்டர் கேன் ஒன்றைத் திருகி மூடி மோட்டார் அறையில் வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் கேன் பந்து போல உப்பியிருந்தது. என் மகன் மூடியில் கை வைத்த நொடியில் அது பிய்த்துக்கொண்டு பறந்து சுவரில் மோதியது. அவன் முகத்துக்கும் மூடிக்கும் இடையில் ஒரு சாண்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது எல்லாக் கேனிலும் மூடியைப் பாதித் திருகுதான் வைக்கிறேன், மேலே ஈ நுழையாமல் துணி. பிள்ளைகளை அந்த அறைக்குள் விடுவதில்லை.

இலைமேல் தெளிப்பதில் நான் பட்டது வேறு. மிளகாய் நாற்று நட்டு இருபது நாள் ஆனபோது, ஐந்து மடங்கு மட்டும் தண்ணீர் கலந்து பகல் பதினொரு மணிக்குத் தெளித்தேன். மாலைக்குள் இலை விளிம்புகள் கருகின. சாறு உப்புச் செறிவு மிக்கது, வெயிலில் நீர் ஆவியாக ஆக அந்தச் செறிவு இலையின்மேல் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது தெளிப்பதானால் 30 மடங்கு தண்ணீர், மாலை ஐந்துக்குமேல், அதுவும் முதலில் இரண்டு செடியில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டுத்தான். சாற்றின் புரதத்தால் தெளிப்பான் தொட்டியில் நுரை பொங்கும். மெதுவாகக் கலக்க வேண்டும். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இலைமேல் தெளிப்பதை விட்டுவிட்டேன். மண்ணில் ஊற்றினால் போதும்.

சொட்டுநீரில் விட நினைப்பவர்களுக்கு: நான்கு மடிப்பு வேட்டித்துணியில் வடிகட்டிய சாற்றைத்தான் வென்சுரி (பாசனக் குழாய்க்குள் கரைசலை உறிஞ்சிவிடும் கருவி) வழியாக விட்டேன். ஒரே வாரத்தில் தக்காளி வரிசையில் பாதிச் சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டன. நார் துணுக்கு அடைத்தது என்றால் சுத்தம் செய்துவிடலாம். உள்ளே படிந்திருந்தது திரிந்த பால் போன்ற பச்சைக் கட்டி. சாறு புளிக்கும்போது புரதம் திரிந்து இறங்குகிறது, குழாய்க்குள் நின்றால் அங்கேயே திரிகிறது. புளித்து முடிந்த சாற்றை ஒருநாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த பழுப்பு நீரை மட்டும் இறுத்து விட்டால் அடைப்பு வெகுவாகக் குறைகிறது. விட்டபின் கால்மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட்ட வேண்டும். அடியில் நின்ற பச்சை மண்டிதான் தழைச்சத்தின் பெரும்பங்கு. அதைக் கையால் எடுத்துச் செடியடியில் போட்டுவிடுவேன். உண்மையைச் சொன்னால், சொட்டுநீரைவிடச் செம்பால் ஊற்றுவதே இந்தச் சாற்றுக்கு ஏற்ற வழி.

எந்தத் தழை என்ற கேள்விக்கு வருகிறேன். தக்கைப்பூண்டு சாறு நிறைந்தது, களர் நிலத்திலும் தண்ணீர் தேங்கும் இடத்திலும் வரும், விதை ஏக்கருக்கு 20 கிலோ. சணப்பு விரைவாக வளரும். ஆனால் 35 நாளைத் தாண்டினால் நார். அதன் விதையில் கால்நடைகளுக்கு நஞ்சான பொருள் இருப்பதால் காய்க்கவிட்டு அறுத்ததை மாட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கொழிஞ்சியை மாடு பெரும்பாலும் கடிக்காது என்பதால் காவலில்லாத நிலத்துக்கு நல்லது. சாறும் வரும்; ஆனால் கொழிஞ்சிக்கு மீனை மயக்கிக் கொல்லும் தன்மை உண்டு. அதை இடித்த உரலையும் ட்ரம்மையும் குளத்திலோ கிணற்றிலோ கழுவக் கூடாது. எருக்கைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். இடிக்கும்போது தெறிக்காமல் இருக்காது. நான் சேர்ப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது வரப்போரம் நிற்கும் கிளைரிசிடியா என்ற தழையுர மரம். விதைக்கிற வேலையே இல்லை, ஆண்டுக்கு மூன்று முறை வெட்டலாம். உலர்ந்த கிளைரிசிடியா இலையில் சாம்பல்சத்து 4.6 விழுக்காடு என்று கணக்கு, தக்கைப்பூண்டில் 1.2தான். முன்னே சொன்னபடி சாம்பல்சத்துதான் பிழிந்ததும் பெரும்பகுதி இறங்குவது. ஆகவே காய் பிடிக்கும் பருவத்தில் ஊற்றக் கிளைரிசிடியாச் சாறு, வளரும் பருவத்தில் தக்கைப்பூண்டுச் சாறு என்று பிரித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் முருங்கை ஏராளம். கவாத்து செய்த கிளைகள் சாலையோரம் காய்ந்து கிடக்கும்போது மனம் பதைக்கிறது. முருங்கை பசுந்தாள் பயிர் இல்லை என்றாலும் அதன் இலைச்சாற்றில் ஸியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி இருக்கிறது. நிகரகுவா நாட்டில் நிக்கோலாஸ் ஃபோய்டல் என்பவரும் உடன் உழைத்தவர்களும் அந்தச் சாற்றை நீர்த்துத் தெளித்து விளைச்சல் கூடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குதிரை மசால் என்ற தீவனப் பயிரின் தழையைத் தக்காளி நாற்றுக்குப் பக்கத்தில் இட்டபோது, தழைச்சத்துக் கணக்கைத் தாண்டி விளைச்சல் கூடியது. காரணம் தேடியவர்கள் 1977இல் ட்ரையகான்டனால் என்ற பொருளைக் கண்டார்கள். இன்று நம் உரக்கடைகளில் சிறு பாட்டிலில் விற்கிற ஊக்கி அதுதான். அது இலையின் மெழுகில் இருப்பது, தண்ணீரில் கரையாது. ஆகவே பிழிந்த சாற்றைவிடச் சக்கையில்தான் அது அதிகம் தங்கும் என்று நினைக்கிறேன். சக்கையை எறியக் கூடாது என்பதற்கு எனக்கு இது இன்னொரு காரணம்.

சக்கை! முதலாண்டு தொழுவத்துக்குப் பின்னால் நான் கொட்டிய அந்தச் சக்கையில் நார் முழுவதும் இருந்தது, தழைச்சத்தில் பாதியும் இருந்தது. செம்மண்ணுக்கு வேண்டியது அந்த நார்தான். மட்கி மண்ணைப் பொதபொதப்பாக்குவதும், ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதும், மண்புழுவை வரவழைப்பதும் அது. இப்போது சக்கை அன்றன்றைக்கே செடியடியில் மூடாக்காகப் போய்விடுகிறது. அறுப்பதும் மாறிவிட்டது. முழு வயலையும் தொடுவதில்லை. வரப்பையொட்டிய பத்து சென்ட் பட்டையில் மட்டும், தரையிலிருந்து ஒரு முழம் விட்டு அறுக்கிறேன். வேரும் முடிச்சும் மண்ணிலேயே இருக்கும். ஈரம் இருந்தால் இரண்டு வாரத்தில் மீண்டும் துளிர்க்கும். மீதி அத்தனையும் வழக்கம்போல் மடக்கி உழுகிறோம்.

சாற்றை நான் இப்போது ஊற்றும் இடங்கள் மூன்றே. நாற்றங்கால் பாத்திகள், நட்டு வேர்பிடித்த பத்தாம் நாளில் நிற்கும் கத்தரி, மிளகாய், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நான்கு சென்ட் காய்கறித் தோட்டம். வாரத்துக்கு இருபது கிலோ தழை போதும். மனைவியும் நானும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். பெரிய வயலுக்குப் பசுந்தாளும் தொழுவுரமும் ஆட்டுக்கிடையும்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, “தம்பி, ஒரு கேன் சாறு கொடேன், தென்னைக்கு ஊற்றிப் பார்க்கிறேன்” என்றார். நன்றாக வளர்ந்த தென்னைக்கு ஒரு கேன் சாறு ஒன்றும் செய்யாது, அதற்குப் பதில் தென்னை வட்டப்பாத்தியில் சணப்பு விதைத்து அங்கேயே மடக்கிவிடுங்கள் என்று சொல்லி, இரண்டு படி விதை கொடுத்தனுப்பினேன். சற்றே வருத்தத்தோடுதான் போனார். விதை முளைத்துவிட்டதாக நேற்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இந்த ஆண்டு வாழைக்குச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். வாழை சாம்பல்சத்தை அள்ளித் தின்கிற பயிர். எட்டு மரங்களில் சுண்ணாம்பால் குறியிட்டிருக்கிறேன். நான்குக்குக் கிளைரிசிடியாச் சாறு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மரத்துக்கு இரண்டு லிட்டர் சாறோடு இருபது லிட்டர் தண்ணீர். மற்ற நான்குக்கு அதே நாளில் இருபத்திரண்டு லிட்டர் தண்ணீர் மட்டும். எட்டுக்கும் தொழுவுரம் ஒரே அளவு. தார் தை மாதம் வெட்டுக்கு வரும். தராசை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.